விழுந்ததும் மாத்திரைப் பெட்டியைத் திறங்கள்

ஐம்பது வயதை ஒட்டிய பெண் ஒருவர் விடிகாலையில் பாத்ரூம் போகும் வழியில் விழுந்துவிட்டால், வீட்டில் ஈரத்தரையைத் திட்டுவார்கள். இல்லையென்றால் உடம்பில் சத்து இல்லை என்பார்கள். எனக்கு முதல் சந்தேகம் ராத்திரி போட்ட மாத்திரை மேல்தான்.

நின்றபடி பிரஷர் பாருங்கள். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் பிடிபடாது. 5 நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் மறுபடி. மேல் அளவில் 20, அல்லது கீழ் அளவில் 10 இறங்கினால், கண் இருட்டியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். பிரஷர் மாத்திரை, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் மூன்றுமே இதைச் செய்யும். எழுதியவர்கள் மூன்று டாக்டர்கள் என்றால் மூன்றும் ஒருவர் வயிற்றிலேயே சேர்ந்துவிடும். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை ரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கும். தள்ளாட்டத்தோடு குழப்பமும் இருந்தால் உடனே சோடியம் பார்க்கவேண்டும்.

தூக்க மாத்திரையில் சோல்பிடெம் பெண்கள் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. அதனால்தான் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-ஆகக் குறைக்கச் சொன்னது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம் போடுகிறவர்கள் பயந்துபோய்ச் சட்டென நிறுத்திவிடாதீர்கள், வலிப்பே வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது தலைசுற்றல் மாத்திரை. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் இரண்டும் நீண்ட நாள் போடுவதற்கல்ல. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால், நடையில் அடி சிறுத்து, கை நடுங்கி, பார்க்கின்சன் நோய் மாதிரியே ஆகிவிடக்கூடும். தள்ளாடுகிறதே என்று அதே மாத்திரையை இன்னொன்று போடுகிறவர்களும் உண்டு!

சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருந்தால் சுகர் இறங்கி, வியர்த்து விழ நேரும். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிவதால் கை ஊன்றி விழுந்தாலே மணிக்கட்டு முறியலாம்.

டாக்டரிடம் சீட்டு மட்டும் போதாது. சளி மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், "இதில் எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். ராத்திரி எழுந்து நடப்பதே குறையும். அப்படியும் எழ நேர்ந்தால், விளக்கைப் போட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை அசைத்த பிறகு எழுந்திருங்கள்.