அறிவிப்பில் நான் சேர்த்த வரி

'பாடம் நடத்தும் வேலை அல்ல. பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துப் படிப்புத் தொகுப்புகளை விற்க வேண்டும். மாத இலக்கு உண்டு.' இணையவழிப் பாடங்களை விற்கும் நிறுவனம் ஒன்று எங்கள் கல்லூரிக்கு அனுப்பிய வேலை விளம்பரத்தின் கீழே, வேலைவாய்ப்பைக் கவனிக்கும் நானாகச் சேர்த்து ஒட்டியது இது. விளம்பரத்தில் 'கல்வி ஆலோசகர்' என்ற பதவியும் சம்பளமும்தான் இருந்தன. இத்தகைய நிறுவனங்களின் இலவசம் என்ற வாக்குறுதியையும், கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டையும் நம்பி ஏமாற வேண்டாம் என்று 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம் பெற்றோரை எச்சரித்திருந்தது. விற்கும் வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

நேர்காணலுக்கு வழக்கமான கூட்டம் வரவில்லை. நிறுவனத்தின் மனிதவள அதிகாரியின் முகம் சுண்டிவிட்டது. "எங்களிடம் பாடத்தை வடிவமைக்கும் வேலையும் இருக்கிறது, சார்" என்றார். எங்கள் பி.எட். பிள்ளைகளை அதற்கு எடுப்பீர்களா என்றேன். அனுபவம் வேண்டும், இணையப் பாடம் தயாரிக்கும் ஸ்டோரிலைன் மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்றார். மென்பொருளைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம், ஒளிவிலகலில் ஒரு பிள்ளை எந்த இடத்தில் குழம்பும் என்று அறிந்தவர் கிடைப்பதுதான் அரிது என்று நீளமாகப் பேசினேன். குறித்துக்கொண்டார். இன்றுவரை அந்த வேலைக்கு அழைப்பு வரவில்லை.

தேர்வானவர்களில் ஒருத்தி இயற்பியலில் எம்.எஸ்சி., பி.எட். முடித்தவள். நன்றாகப் பாடம் நடத்துவாள். "கீழே எழுதியிருந்ததைப் படித்தாயா, அம்மா?" என்று கேட்டேன்.

"படித்தேன், சார். பள்ளியில் சேர்ந்தாலும் மே மாத வெயிலில் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போகச் சொல்கிறார்கள். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. இங்கே ஊக்கத்தொகையாவது உண்டு."

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. தகுதித் தேர்வில் தேறியவர்களே ஆண்டுக்கணக்கில் நியமனத்துக்குக் காத்திருக்கும் மாநிலத்தில் அவளுடைய கணக்கில் என்ன பிழை? கையில் இன்னொரு வேலை இருப்பவருக்கு அல்லவா என் வரி பயன்படும்? துறைத் தலைவர் வேறு, "கல்லூரியைத் தரம் மதிப்பிடும் நாக் ஆய்வுக்கு வேலைவாய்ப்புக் கணக்கு காட்ட வேண்டும், நீங்கள் ஆளை விரட்டுகிறீர்கள்" என்றார். அவருடைய கவலையும் பொய்யில்லை. ஆனாலும் அந்த வரி இல்லாமல் ஒட்டியிருந்தால் நானும் ஒரு விற்பனை முகவர்தானே. கமிஷன் வராத முகவர்.

கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் திறந்தபின், 2022இல், இத்துறையில் ஆட்குறைப்புச் செய்திகள் வரத் தொடங்கின. பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றியது உண்மை. ஆனால் நான் எச்சரித்தது இலக்கைப் பற்றி. நிறுவனங்களே ஆட்டம் காணும் என்று எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? அவளுக்கும் வேலை போயிற்று. சில வாரங்களிலேயே காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். "விற்கப் பழகிவிட்டேன், சார், எங்கே போனாலும் எடுக்கிறார்கள்" என்று உற்சாகமாகச் சொன்னாள்.

பாடம் வடிவமைக்க ஆள் கேட்டு யாராவது வந்தால் முதலில் அவளைத்தான் அழைப்பேன். இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் குறைவாக இருந்தாலும் வருவாயா என்று எந்த முகத்தோடு கேட்பது என்றுதான் தெரியவில்லை.