செத்த கம்ப்யூட்டர் வந்து சரண்டர் ஆகணுமாம்

கும்பகோணத்தில் என் தாய்மாமா அச்சகம் வைத்திருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கைபடாத நல்லது கெட்டது கிடையாது. மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு. கடையில் இருக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பில் இருக்கணும். கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற சாமானும் அதில் சேர்த்தி. தெருவில் மற்ற அச்சகக்காரர்கள் எல்லாம் காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த திருட்டு நகலை, அதாவது கிராக், போட்டு ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இவர் காசு கொடுத்து வாங்கி, பில்லை லேமினேஷன் பண்ணி வைத்தவர்.

இந்த ஐப்பசி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் ஒருநாள் 'டப்' என்று சத்தம், கூடவே கருகல் வாசனை. பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர் வந்து கேபினெட்டைத் திறந்தார். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். "போர்டு போயிடுச்சுண்ணே, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, புதுசு ஒன்றையும் தானே விற்றுவிட்டுப் போய்விட்டார். நல்லவேளை, ஹார்டு டிஸ்க்கில் இருந்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிய ஆரம்பித்துவிட்டது. எனக்குப் போன் வந்தது.

"பழசுல இருந்த சாஃப்ட்வேரை எல்லாம் எடுத்துப் புதுசுல வைக்கணும், அவ்ளோதான் மாப்ள. நீ தீபாவளிக்கு வர்றேல்ல?"

எடுத்து வைப்பதற்கு அது என்ன சாமான் பெட்டியா என்று கேட்க நினைத்தேன். தாய்மாமா. தீபாவளி சீர் வேறு வரவேண்டியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பஞ்சாயத்து விண்டோஸ், அதுவும் போனிலேயே. பழைய கேபினெட்டின் விலாவில், விண்டோஸைத் திறக்கும் 25 எழுத்துச் சாவி அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் குங்குமத்தில் பாதி மங்கிப்போயிருந்தது. "இதைப் பதமாப் பிச்சு புதுசுல ஒட்டிட்டா என்ன?" என்றார் மாமா. அதெல்லாம் ஒட்டாது மாமா என்றேன். அவர் வாங்கியது கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம். கொஞ்சம் விலை குறைவு, ஆனால் எந்த மதர்போர்டில் முதலில் போட்டார்களோ அதோடு அதன் கதை முடிந்தது. தனியாகக் கடையில் வாங்கும் ரீடெயில் உரிமம் என்றால்தான் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். புதுசில் ஸ்டிக்கரே இல்லையே என்று மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் சாவியை மதர்போர்டுக்குள்ளேயே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வெளியே ஒட்டினால்தானே சந்தனம் வைப்பீர்கள்!

புதுசில் இருந்த விண்டோஸ் தானாகவே கம்பெனியிடம் ஒப்புதல் வாங்கி ஆக்டிவேட் ஆகிவிட்டது. மாமாவுக்குத் திருப்தியில்லை. "அப்ப பழைய ஸ்டிக்கருக்குக் குடுத்த காசு?"

அடுத்தது பில் போடும் மென்பொருள். ஜிஎஸ்டி கணக்கு முழுக்க அதில்தான். யார் தயாரிப்பு என்பதை விடுங்கள், அவர்களிடம் மாமா இன்னும் வருஷா வருஷம் புதுப்பித்தாக வேண்டும். சாவி அதன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அட்டைப்பெட்டி பரணில். பரணில் உள்ள பெட்டிக்குள்ளே நவராத்திரி முடிந்து அத்தை செட்டியார் பொம்மையைத் துணி சுற்றிப் படுக்க வைத்திருக்கிறார். நான் அப்போது இன்னும் சென்னையில். இறக்கினால் அடுத்த நவராத்திரிக்குத்தான் இறக்கணும் என்று அத்தை நின்றதால், மாமா ஏணியில் ஏறி, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன் என்று நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"முதல் எழுத்து பி."

"எந்த பி மாமா?"

"எந்த பியா? பி ஃபார் பழனி."

"சரி."

"அடுத்ததும் பி. பி ஃபார் பாலாஜி."

"ரெண்டும் ஒரே பியா, வேற வேறயா?"

"ஒருத்தர் முருகன், ஒருத்தர் பெருமாள். எப்படிடா ஒண்ணாவாங்க?"

சாமி வேண்டாம், ஊர்ப் பெயராகவே சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு காதுக்குள் வந்துவிட்டது. டி ஃபார் தஞ்சாவூர், எம் ஃபார் மாயவரம், ஜே ஃபார் ஜெயங்கொண்டம், வி ஃபார் விழுப்புரம். க்யூ வந்தபோது கொஞ்சம் திணறி, "ரேஷன் கடைல நிப்போம்ல, அது" என்றார். டபிள்யூவை 'டபுள் யூ' என்று வாசித்ததில் இரண்டு யூ போட்டு, ஒரு எழுத்து அதிகமாகி, மறுபடி தஞ்சாவூரிலிருந்து கிளம்பினோம். கடைசியில் நின்ற இடம் ஒரு வட்டம். அது ஓ என்ற எழுத்தா, சைபரா? "வட்டமா இருக்கு மாப்ள" என்பதற்கு மேல் மாமாவால் துப்புக் கொடுக்க முடியவில்லை. "கொஞ்சம் நீள வட்டமா மாமா?" "நீ பொண்ணு பாக்கப் போனப்ப கூட இவ்ளோ கேக்கல."

இந்த விஷயத்தில் மைக்ரோசாஃப்டைப் பாராட்டத்தான் வேண்டும். பழைய விண்டோஸ் சாவிகளில் உயிரெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஓ இல்லை, ஐ இல்லை, எல் இல்லை, எஸ் இல்லை. எண்ணில் 0, 1, 5 இல்லை. குழம்பக்கூடிய எழுத்தை எல்லாம் முதலிலேயே கழித்துவிட்டு மிச்சமிருந்த 24ஐ வைத்துத்தான் சாவி செய்தார்கள். உயிரெழுத்து இல்லாததால் ஏடாகூடமான வார்த்தை எதுவும் தற்செயலாக அமைந்துவிடாது என்பது உபரி லாபம். அதற்கும் முன்னால், விண்டோஸ் 95 காலத்தில் இன்னும் சுகம். கடைசி ஏழு எண்களைக் கூட்டினால் ஏழால் வகுபட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. எல்லாக் கட்டத்திலும் ஒன்று போட்டாலே திறந்துகொள்ளும். எக்ஸ்பி வந்த 2001இல் ஆக்டிவேஷன் என்று ஒன்றைக் கொண்டுவந்து பூட்டை இறுக்கினார்கள். அதே வருஷம் ஒரு நிறுவனச் சாவி வெளியே கசிந்து, உலகத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணும் பையன்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம் ஆனது. காசு கொடுத்தவர்கள் போன் போட்டு 50 இலக்க எண்ணை இயந்திரக் குரலிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது, காசு கொடுத்தவன் கியூவில் நிற்பதும் கொடுக்காதவன் கேட் ஏறிக் குதித்துப் போவதும்.

நான் ஊருக்குப் போன பிறகு நானே பரணேறி, வட்டம் சைபர்தான் என்று உறுதி செய்து தட்டினேன். பச்சை டிக் வரும் என்று எல்லோரும் சுற்றி நிற்க, வந்த சேதி இதுதான்: இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது. அந்தக் கணினியில் சரண்டர் செய்துவிட்டு மீண்டும் முயலவும்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். மாமா ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மறுமுனையில் ரொம்ப மரியாதையான பெண்.

"பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு லைசென்ஸ் மெனுக்குப் போங்க சார்."

"அது எரிஞ்சு போச்சுங்க."

"ஓகே சார். ஆன் பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"மேடம், ஆனே ஆகாது. போர்டு போயிடுச்சு."

"புரியுது சார். இன்டர்நெட் கனெக்‌ஷன் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க."

மாமா போனை வாங்கினார். "அம்மா, அது காலமாயிடுச்சு. வேணும்னா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒண்ணு அடிச்சு அனுப்புறேன், ரெண்டுக்கு மூணு சைஸ்ல. கலர்லயே அடிக்கிறேன். ஒத்துக்குவீங்களா?"

அந்தப் பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் சார் என்றார். மாமா சொந்த அச்சகத்தில், சொந்த லெட்டர்ஹெட்டில், கம்ப்யூட்டர் இன்ன தேதியில் மின் அழுத்தக் கோளாறால் செயலிழந்தது, இனி மீளாது என்று எழுதி, சீல் குத்தி அனுப்பினார். சீல் குத்தும்போது முகத்தில் நிஜமாகவே துக்கம்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. இனி ஓடிபி வரும், அதைச் சொன்னால் உரிமம் விடுபடும் என்றார்கள். ஓடிபி போனதோ பதிவு செய்த நம்பருக்கு. அது மாமா நம்பர் இல்லை. அன்றைக்கு விற்று, போட்டுக் கொடுத்த டீலருடைய நம்பர். அநேகமாக எல்லாச் சிறு கடைகளிலும் இதே கதைதான். வந்து போட்டுக் கொடுக்கிற தம்பி அவசரத்துக்குத் தன் நம்பரையும் மெயிலையும் கொடுத்துவிடுவார். கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது. பணம் கட்டியவர் மாமா, ரசீது மாமா பெயரில், ஆனால் கம்பெனிக் கணக்கில் எஜமான் அந்தத் தம்பி.

தம்பி இப்போது சாஃப்ட்வேர் தொழிலிலேயே இல்லை. தஞ்சாவூர் ரோட்டில் டிகிரி காபிக் கடை போட்டிருக்கிறார். போனில் சொன்னால் நம்ப மாட்டார் என்று நேரிலேயே போனோம். கூட்டமான கூட்டம். ஒரு கையில் டவராவில் ஆற்றிக்கொண்டே இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தூரத்தில் பிடித்து வாசித்தார். ஓடிபி என்பதால் எல்லாம் எண்கள். பழனியும் பாலாஜியும் வராமல் வேலை முடிந்தது. காபிக்குக் காசு வாங்கவில்லை. கிளம்பும்போது, கடைக்கு ஒரு மெனு போர்டும் விசிட்டிங் கார்டும் பண்ணித் தரணும் என்றார்.

சரி, முடிந்தது என்று நினைத்த இடத்தில் செல்வி அக்கா நின்றார். செல்வி அக்கா அந்தக் கடையில் கம்போசிங் பார்ப்பவர். "பில்லெல்லாம் ஓடுது தம்பி. கல்யாணப் பத்திரிகையத் திறந்தா இப்டி வருது" என்றார். மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள், அவற்றின் தலையில் கொம்பும் மீசையும். மணமகளுக்கு ஒரு டாலர் குறியும் விழுந்திருந்தது. சீர் பலம்போல.

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத் தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்தது. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரம் வகுத்தார்கள், தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். 2010இல் தமிழக அரசு யூனிகோடுக்கே போய்விட்டது. ஆனால் பத்திரிகை அடிக்கிறவர்களின் உயிர்நாடியான, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன சரக்கு. அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால் மாமா மாதிரி கடைகளில் இன்னமும் பழைய எழுத்துருதான், பழைய தட்டச்சு மென்பொருள்தான். இலவசமாகக் கிடைக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான என்எச்எம் ரைட்டரைப் போட்டுப் பார்த்தேன். அருமையான சாமான், ஆனால் இந்தக் கம்பெனியின் சொந்த எழுத்து வரிசை அதில் இல்லை.

மாமாவின் தட்டச்சு மென்பொருளுக்கு எழுத்துச் சாவி கிடையாது. டாங்கிள். தீப்பெட்டி அளவில், பிரின்டர் ஒயர் சொருகும் 25 ஊசித் துளையில் மாட்டுவது. அது இருந்தால்தான் நிரல் வாயைத் திறக்கும். புதுக் கம்ப்யூட்டரில் அந்தத் துளையே கிடையாது. யூஎஸ்பியை அந்தத் துளையாக மாற்றும் ஒயர் ஒன்று வாங்கிப் போட்டோம். அந்த ஒயருக்குப் பிரின்டரிடம் பேசத் தெரியும், டாங்கிளிடம் பேசத் தெரியாது. போதாக்குறைக்கு விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். டாங்கிளை இயக்கும் பழைய 32 பிட் டிரைவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

கம்பெனிக்கே போன் பண்ணிடலாம் என்றார் மாமா. பெட்டியில் இருந்த சென்னை நம்பருக்கு ஏழே இலக்கம். முன்னால் 2 சேர்த்து அடித்தேன். எடுத்தது பல் ஆஸ்பத்திரி. மாமா அதற்கும் விடாமல், பல் கூசுகிறது என்று ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் பழைய கேபினெட்டை அப்படியே சென்னைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்தத் துளையுள்ள பழைய போர்டு ஏதாவது எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கிடைக்குமா என்று தேடத்தான். அங்கே சந்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் திறந்து, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழையது ஒன்றை மாட்டி, பட்டனை அமுக்கினார். 'பீப்'. போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எரிந்தது எஸ்எம்பிஎஸ் மட்டும். மாமாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சீல் குத்தி அனுப்பிட்டேனேடா."

இப்போது கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. புதுசில் பில். பழசில் டாங்கிளோடு பத்திரிகை வேலை. பழசுக்கு இன்டர்நெட் ஒயர் மட்டும் தரக்கூடாது என்று மாமா உத்தரவு. உயிரோடு இருப்பது கம்பெனிக்குத் தெரிந்துவிடுமாம்.

போன வாரம் காபிக்கடைத் தம்பி மெனு போர்டு வாங்க வந்திருக்கிறார். டிசைன் ரொம்பப் பிடித்துப்போய், மாயவரத்தில் இன்னொரு கிளை போடப் போகிறேன், டிசைனின் மூலக் கோப்பான ஓபன் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், அங்கேயே அடித்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். ஓபன் ஃபைல் தருகிற வழக்கம் பொதுவாக அச்சகங்களில் கிடையாது, மாமாவிடம் சுத்தமாகக் கிடையாது.

"ஒரு போர்டு ஒரு கடைக்குத்தான் தம்பி" என்றாராம் மாமா. "மாயவரத்துல வேணும்னா, இங்க மாட்டுனத கழட்டிட்டு வந்து என்கிட்ட சரண்டர் பண்ணு. ஓடிபி அனுப்புறேன்."