அலசும் தண்ணீரில்தான் வாடை ஏறுகிறது

கொடியிலிருந்து எடுக்கும்போது தேங்காய்ப்பூத் துண்டில் ஒரு வாடையும் இருக்காது. குளித்துவிட்டுத் துடைத்த இரண்டாவது நிமிஷம் முடை நாற்றம் அடிக்கும். வீட்டில் செய்த சோப்பால் துவைப்பவர்கள் பெங்களூரில் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். உடனே கை போவது சோப்பைக் கூட்டத்தான். அது வாடையை இன்னும் வளர்க்கும்.

முதலில் ஒரு சோதனை. துவைத்துக் காய்ந்த துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் நல்லது. முத்தாக நின்றால் நூலின்மேல் பிசுக்கு ஏறியிருக்கிறது. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரிகின்றன. அதில் உடம்பு எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அந்த எண்ணெயில் பாக்டீரியா பிழைக்கும். துவைத்த துணி ஈரமானதும் நாறுவதற்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா விடும் ஓர் அமிலம் முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். துணி காய்ந்தாலும் அந்தப் பாக்டீரியா சாவதில்லை, ஈரம் பட்டதும் எழுந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை (தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. நடுவில் 400 என்று வையுங்கள். அந்தத் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம் சோப்பைத் திரித்துவிடும். 15 லிட்டர் வாளியில் 36 கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலே பிசுக்காகிறது. சலவை சோடா போட்டால் அந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட ஆறரை கிராம் போதும்.

இதைத் தெரிந்து சோடா போடுபவர்களும் ஓர் இடத்தில் தவறவிடுகிறார்கள். துவைக்கும் வாளியில் சோடா இருப்பதால் அங்கே சோப்பு திரியாது. பிழிந்த துணியில் சோப்புத் தண்ணீர் மிச்சமிருக்கும். அதை அப்படியே புதுப் போர் தண்ணீரில் முக்கும்போதுதான் நூலுக்குள்ளேயே பிசுக்கு உருவாகிறது. ஆகவே முதல் அலசல் வாளியிலும் ஒரு டீஸ்பூன் சோடா கரையுங்கள். இரண்டாம், மூன்றாம் அலசலுக்கு வெறும் தண்ணீர். பிசுக்கு புதிதாக ஏறாமல் தடுப்பதில் இதற்கு இணையான வேலை வேறில்லை.

15 லிட்டருக்கு என் அளவு: சலவை சோடாத் தூள் 15 முதல் 20 கிராம், துருவிய சோப்பு 20 முதல் 25 கிராம். சோடாவை முதலில் கரைத்துப் பத்து நிமிஷம் விட்டுவிட்டுப் பிறகு சோப்பு, அதன்பின் துணி. கண்ணாடிபோல் கட்டி கட்டியாக வரும் சோடாவில் பாதிக்குமேல் தண்ணீர்தான், அதை இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாகப் போட வேண்டும். சமையல் சோடா இதற்கு உதவாது. பட்டு, கம்பளி இரண்டையும் சோடா கெடுத்துவிடும். அவற்றுக்குப் பூந்திக்கொட்டை போதும் (இங்குள்ள கிரந்திகெ அங்கடியில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், அண்ட்டுவாள என்று கேளுங்கள்). வேகவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீரை இரண்டு நாளுக்குமேல் வெளியில் வைத்தால் புளித்து அதுவே ஒரு வாடை ஆகும்.

அபார்ட்மெண்ட் வாசிகளுக்கு ஒன்று. காவேரித் தண்ணீர், டேங்கர், போர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலப்பதால் கடினத்தன்மை நாளுக்கு நாள் மாறும். கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும் சாஃப்ட்னர் வழியாக வந்த தண்ணீரிலும் டிடிஎஸ் ஏறக்குறைய அதேதான் இருக்கும். ஒரு பாட்டிலில் கால்வாசித் தண்ணீரும் சிட்டிகை சோப்பும் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர், பால்போல் கலங்கி நுரை படுத்தால் கடினநீர். ஆர்ஓ கழிவுத் தண்ணீரைச் சேமித்துத் துணிக்கு ஊற்றுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது: எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் மூன்று மாதம் ஊறிய பயோ என்சைமை சோப்பு வாளியிலேயே ஊற்றுவது. அது புளிப்பு. புளிப்புப் பட்டதும் சோப்பு உடைந்து கொழுப்பமிலமாகித் துணியில் மெழுகாக ஒட்டும். வினிகரும் அப்படித்தான். அவற்றின் இடம் கடைசி அலசல், சோப்பெல்லாம் போன பிறகு.

ஏற்கெனவே நாறும் பருத்தித் துணியை மீட்க இரண்டு கட்டம் வேண்டும், வரிசை மாறக் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பிசுக்கிலிருந்து கால்சியம் பிரியும். அப்போது மெழுகுக் கிரேயான் மாதிரி வாசனை வந்தால் பயப்படாதீர்கள், விடுபட்ட கொழுப்பமிலம் அது. பலர் இங்கேயே நிறுத்திவிட்டு புளிப்பால் பலனில்லை என்கிறார்கள். நன்றாக அலசிப் பிழிந்து, 60 டிகிரி சூட்டில் 10 லிட்டர் தண்ணீர், 60 கிராம் சோடாத் தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் சாதாரண டிடர்ஜென்ட் பவுடர் கலந்து மூன்று மணி நேரம் விடுங்கள். கொழுப்பமிலம் மறுபடி சோப்பாகித் தண்ணீருக்கு வந்துவிடும். தண்ணீர் சாம்பல் நிறமாகும். மீட்பு வேலைக்கு மட்டும் டிடர்ஜென்டை அனுமதியுங்கள், அது கடினநீரில் சோப்புபோல் திரியாது. சாயம் போகும் துணியை ஓரத்தில் சோதித்துவிட்டு இறக்குங்கள். எந்தக் கட்டத்திலும் பிளீச்சை அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

வாடை முடையாக இல்லாமல் பழைய முறுக்கு எண்ணெய்போல் சிக்கு வாடையாக இருந்தால் குற்றம் சோப்பில். குளியல் சோப்புக்கு 5 சதவீதம் எண்ணெயைச் சோப்பாகாமல் மிச்சம் விட்டுக் காய்ச்சுவோம். துணிச் சோப்பில் அந்த எண்ணெய் நூலில் தங்கிக் காறிப்போகும். துணிச் சோப்புக்கு மிச்சம் பூஜ்யம்: 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம் சுத்தமான காஸ்டிக் சோடா. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை அதில் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். சூரியகாந்தி எண்ணெய்க்கு அளவே வேறு, சுமார் 135 கிராம். அந்த எண்ணெய் சீக்கிரம் காறும் என்பதால் பொரித்து மிஞ்சியதைத் துணிச் சோப்பில் சேர்க்காமலிருப்பதே நல்லது.

ஜூனிலிருந்து அக்டோபர் வரை பெங்களூர் மூட்டத்தில் யுட்டிலிட்டியில் (துணி துவைக்கும் பால்கனியில்) உள்ள கொடியில் நெருக்கமாகப் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். எவ்வளவு நன்றாகத் துவைத்தாலும் அந்த ஈரம் போதும். துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, டேபிள் ஃபேனைக் கீழிருந்து திருப்பி வையுங்கள். மெஷினில் துவைப்பவர்கள் கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்து, மாதம் ஒருமுறை 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டுத் துணியில்லாமல் 60 டிகிரியில் ஓட்டி, கதவைத் திறந்தே விடுங்கள்.