சொல்லிக்கொடுக்காத மூன்று மணி நேரம்

பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முதன்மைக் கண்காணிப்பாளராகப் போன முதல் வருடம், அறைக் கண்காணிப்பாளர்கள் கூட்டத்தை வழக்கம்போலத்தான் நடத்தினேன். தேர்வுத் துறையின் அறிவுரைகளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன், கையெழுத்து வாங்கினேன், டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். எல்லோரும் பத்து, இருபது வருடம் தேர்வுப் பணி பார்த்தவர்கள். இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது தேர்வு நாளில் ஓர் அறையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்த இரண்டு மாணவிகளுக்கும் ஒரே பெயர், தலைப்பெழுத்து மட்டும் வேறு. பதிவெண் அகர வரிசையில் வருவதால் இது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். பெயரும் பதிவெண்ணும் அச்சிட்ட முகப்புத்தாள் தைத்த விடைத்தாள் இருவருக்கும் மாறிப் போயிருந்தது. அதில் புகைப்படம் உண்டு, ஆனால் சின்னதாக, இரண்டு படத்திலும் ரெட்டைச் சடை, ஒரே சீருடை. பிள்ளைகளும் பதற்றத்தில் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தபோது நாற்பது நிமிடம் ஓடிவிட்டது, ஆளுக்கு நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். அறிக்கை எழுதி, முறைப்படி சரிசெய்து அனுப்பினோம், மதிப்பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் ஒருத்தி அதற்கப்புறம் அரை மணி நேரம் எழுதவே இல்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த அரை மணி நேரத்தை எந்த அறிக்கையாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்த அறையில் கண்காணிப்பாளராக இருந்த ஆசிரியை கவனக்குறைவானவர் இல்லை. 10 மணிக்கு வினாத்தாள் கொடுக்க வேண்டும், பத்து நிமிடம் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் முகப்புத்தாள் விவரம் சரிபார்க்க, 10.15-க்கு எழுத ஆரம்பிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் 20 பிள்ளைகளிடமும் போய் முகத்தையும் படத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் வாசித்ததை அவரும் கேட்டுத்தான் இருந்தார். ஆனால் ஒரு முறைகூட யாரும் அதை ஒத்திகையாகச் செய்து பார்த்ததில்லை. வாசிப்பதால் கைக்குப் பழக்கம் வராது.

அடுத்த வருடத்திலிருந்து கூட்டத்தை வகுப்பறையிலேயே வைத்தேன். பாதிப் பேர் மாணவர்கள், மீதிப் பேர் கண்காணிப்பாளர்கள், அப்புறம் மாற்றிக்கொள்வோம். பழைய வினாத்தாள்களை உறையில் போட்டு ஒட்டி வைத்திருப்பேன். உறையில் இருக்கும் பாடம், தேதி, தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்து, இரண்டு மாணவர்களிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும். வேண்டுமென்றே ஓர் உறையை மாற்றி வைப்பேன். கணினி அறிவியல் அறைக்குக் கணினிப் பயன்பாடுகள், வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் அறைக்கு வெறும் புள்ளியியல். இப்படிச் செய்த முதல் வருடம் ஐந்து பேரில் மூன்று பேர் பிரித்துவிட்டார்கள். 'கணினி' என்ற சொல்லைப் பார்த்ததுமே கண் அடுத்த சொல்லுக்குப் போவதில்லை. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொன்னேன், சிலருக்கு முகம் சுருங்கியது. பரவாயில்லை, தேர்வு நாளில் நடப்பதைவிட இங்கே நடப்பது நல்லது.

2024 நீட் தேர்வை எல்லோரும் வினாத்தாள் கசிவுக்காகத்தான் பேசுகிறார்கள். ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் ஒரு பள்ளியில் வைத்திருந்த பெட்டியிலிருந்தே தாள் வெளியே போனதாக சிபிஐ சொன்னது பெரிய குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் என் மனதில் நின்றது இன்னொன்று. ஹரியானாவின் ஜஜ்ஜர் உட்படச் சில மையங்களில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தார்கள், பிறகு அதை ரத்து செய்தார்கள், ஜூன் 23 அன்று மறுதேர்வு வைத்தார்கள், 813 பேர்தான் வந்து எழுதினார்கள். தேர்வு அறைக்குள் தொலைந்த சில நிமிடங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இதைக் கூட்டத்தில் சொல்லும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நேர்மை இல்லாத ஆசிரியர்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அவர்களுக்காகப் பறக்கும் படை இருக்கிறது, அன்றைய பாடத்தை நடத்தும் ஆசிரியரை அன்று அறையில் போடுவதில்லை, யாருக்கு எந்த அறை என்பதைக் காலையில் குலுக்கிப் போடுகிறோம். நான் பயிற்சி கொடுப்பது நல்ல ஆசிரியர்களுக்கு. ஒரு பிள்ளை தடுமாறினால் பக்கத்தில் போய்க் குனிவது அவர்களுடைய இருபது வருடப் பழக்கம். ஒத்திகையில் ஒருவர் மாணவராக எழுந்து, "சார், இந்தக் கேள்வி தப்பா இருக்கா?" என்று கேட்டால் போதும், கண்காணிப்பாளராக நிற்பவர் உடனே வினாத்தாளை வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிடுவார். சிலர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார்கள். கேள்வி எண் தப்பாகப் போட்டிருந்தால் பேனா முனையால் லேசாகத் தட்டிக் காட்டுவார்கள். அது உதவி என்றே அவர்களுக்குத் தோன்றாது. அடுத்த அறையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தட்டல் கிடைக்கவில்லையே என்று சொன்னால்தான் புரியும்.

இதை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தது பார்வையற்ற ஒரு மாணவன். அவனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆசிரியரும் உண்டு. நான் அந்த அறைப் பக்கம் போனபோது அவன் ஒரு வாக்கியம் சொல்ல, ஆசிரியர் எழுதியதை அவனுக்குத் திரும்பப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சார், நான் 'அதனால'ன்னு சொல்லலை. நான் சொன்னதை மட்டும் எழுதுங்க சார்" என்றான். இரண்டு வாக்கியங்களை நன்றாக இணைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு அவன் தோளில் ஒரு நிமிடம் கை வைத்தார். பையனுக்குத் தன் விடை தன்னுடையதாக இருக்க வேண்டும். அந்த ஆசிரியரின் அனுமதியோடு இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், எழுதுபவர்களாகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். கேள்வியை மாணவன் எத்தனை முறை படிக்கச் சொன்னாலும் ஒரே தொனியில் படிக்க வேண்டும். சரியான விடைக்கு மட்டும் குரலை அழுத்தினால் அதுவே விடையைச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். இதைப் பழக நேரம் பிடிக்கிறது.

இந்த வருடக் கூட்டத்தில், முதல் முறையாகப் பணிக்கு வரும் ஓர் ஆசிரியை கேட்டார்: "சார், பிள்ளை கேள்வித்தாளப் பார்த்துட்டு அழுதா என்ன பண்றது? சும்மா நிக்கவா முடியும்?" அறையில் யாரும் பேசவில்லை. சரி, செய்தே பார்ப்போம் என்று அவரையே கண்காணிப்பாளராக நிற்க வைத்து, மூத்த ஆசிரியை ஒருவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். முதல் தடவை அவர் பக்கத்தில் போனதும், "அஞ்சாவது சேப்டர்தாம்மா" என்று வாயில் வந்துவிட்டது. இரண்டாம் தடவை ஒன்றும் பேசாமல் விலகியே நின்றார், அதுவும் சரியில்லை. மூன்றாம் தடவை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார், "இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கும்மா, மெதுவா எழுது" என்றார், வினாத்தாள் பக்கம் பார்வையைத் திருப்பாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பெஞ்சில் இருந்த ஆசிரியை தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.