அப்கிரேடுக்குப் பின் 502 வந்தால் லாக்கில் உள்ள எண்ணைப் பாருங்கள்

பொள்ளாச்சி தேங்காய் மண்டியின் சர்வரை உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றினோம். அப்கிரேடு தடங்கலில்லாமல் முடிந்தது. மறுநாள் காலை கொழிஞ்சாம்பாறை கிளையில் பில் பக்கத்தைத் திறந்தால் ‘502 பேட் கேட்வே’. வாசலில் கொப்பரை லாரி நிற்கிறது. பில் இல்லாமல் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் அனுப்ப முடியாது.

நெட் போச்சு என்று ஆள் அனுப்பி ரவுட்டரை மாற்றியது வீண் அலைச்சல். 502 பக்கத்தின் அடியில் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கையை வாங்கிப் பின்னாலிருக்கும் ஆப்புக்கு அனுப்பும் வெப் சர்வர்) பெயர் இருந்தால், கிளையிலிருந்து அதுவரை பாதை சரி. கோளாறு அதற்குப் பின்னால். ‘என்ஜின்எக்ஸ் -டி’ ஓகே சொன்னாலும் நம்ப வேண்டாம். கன்ஃபிக்கில் எழுதியது ஒழுங்கா என்றுதான் அது பார்க்கும். பின்னாலிருக்கும் ஆப் ஓடுகிறதா என்று பார்க்காது.

எர்ரர் லாக்கில் ‘கனெக்ட் ஃபெயில்டு’ வரியில் ஓர் எண் இருக்கும். 2 என்றால் சாக்கெட் ஃபைலே (என்ஜின்எக்ஸ் ஆப்போடு பேசும் வழி) இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 111 என்றால் அந்த போர்ட்டில் யாரும் கேட்கவில்லை.

பில்லிங்குக்கு வந்தது 2. பிஎச்பி 8.1 போய் 8.3 வந்துவிட்டது, கன்ஃபிக் இன்னும் 8.1-எஃப்பிஎம் (பிஎச்பி ப்ரோகிராமை ஓட்டும் சர்வீஸ்) சாக்கெட்டையே தேடுகிறது. அதே ‘ரன்/பிஎச்பி’ ஃபோல்டரில் பதிப்பு எண் இல்லாத ‘பிஎச்பி-எஃப்பிஎம்.சாக்’ என்றொரு இணைப்பு உண்டு. அதைக் கொடுத்துவிட்டால் அடுத்த அப்கிரேடில் இந்தத் தலைவலி வராது.

எடைச்சீட்டு ஆப்புக்கு வந்தது 111. இதில்தான் அதிக நேரம் போனது, ஏனென்றால் ஆப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யார் எந்த போர்ட்டில் கேட்கிறார்கள் என்று காட்டும் ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ போட்டதும் விஷயம் புரிந்தது: ஆப் ஐபிவி6 முகவரியான [::1]:3000-இல் கேட்கிறது, என்ஜின்எக்ஸ் ஐபிவி4 முகவரியான 127.0.0.1:3000-ஐத் தட்டுகிறது. ஆப்பை ஓட்டும் நோட்.ஜேஎஸ் 12 போய் 18 வந்ததுதான் காரணம். பழையது ‘லோக்கல்ஹோஸ்ட்’ (இதே சர்வர்) என்றால் ஐபிவி4 முகவரியை முதலில் எடுக்கும். 17-லிருந்து சிஸ்டம் தரும் வரிசையையே எடுத்துக்கொள்கிறது. இந்த சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ::1-க்கும் அதே பெயர். ஆப்பில் 127.0.0.1 என்றே எழுதியதும் சரியானது. அப்பாடா என்றிருந்தது.

கடைசியாக, ரசீது போட்டோ ஏற்றினால் 413, அதாவது ஃபைல் ரொம்பப் பெரிது என்ற பிழை. அப்கிரேடு நடுவில் ‘புது கன்ஃபிக் போடவா’ என்று கேட்டதற்கு ஒய் அழுத்தியதில் ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ வரி போய்விட்டது. அது இல்லாவிட்டால் வரம்பு 1 எம்பிதான். பழைய ஃபைல் ‘டிபிகேஜி-ஓல்டு’ என்ற வாலோடு பக்கத்திலேயே இருந்தது. அப்கிரேடுக்கு முன்பே ‘என்ஜின்எக்ஸ் -டி’யைப் பெரிய எழுத்து டி போட்டு ஓட்டி, வரும் முழு கன்ஃபிக்கையும் ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப் போட்டால் காணாமல் போன வரி உடனே தெரியும்.