நான்கு பருவ மரங்களில் மூன்று முடிந்தது, ஹிசாகி பாக்கி

ஜப்பானிய மொழியின் கான்ஜி எழுத்துகளில், மரத்தைக் குறிக்கும் உறுப்புக்குப் பக்கத்தில் ஒரு பருவத்தின் எழுத்தைச் சேர்த்தால் ஒரு மரத்தின் பெயர். வசந்தம் வந்தால் சுபாகி, கோடை வந்தால் எனோகி, இலையுதிர்காலம் வந்தால் ஹிசாகி, குளிர்காலம் வந்தால் ஹீராகி. இந்த நான்கு கான்ஜிகளில் மூன்று இப்போது என் கைக்கு வந்துவிட்டன. அதுவும் நிஜத் தூரிகையில், ஹன்ஷி எனும் தூரிகை எழுத்துத் தாளில். மூன்றையும் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஹிசாகி மட்டும் படுத்துகிறது.

முதலில் கிஹென் (இடப்பக்கம் வரும் மர உறுப்பு) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த நாலு கோட்டில்தான் என் மாலை நேரமெல்லாம் போனது. இடப்பக்க உறுப்பாகும்போது மரம் ஒல்லியாக வேண்டும், நான்காவது கோடு நீளாமல் புள்ளியாகச் சுருங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது மட்டும் போதாது. குறுக்குக்கோடு இடப்பக்கம் நன்றாக நீண்டு, செங்குத்துக்கோட்டைத் தாண்டிய கையோடு நின்றுவிட வேண்டும். லேசாக மேல்நோக்கிச் சாயவும் வேண்டும். மொத்தத்தில் உறுப்பின் வலது ஓரம் வெட்டி எடுத்தாற்போல் நேராக இருக்க வேண்டும். அந்த ஓரம் சரியாக அமைந்தால்தான் பக்கத்து எழுத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். சுபாகியில் இது பளிச்சென்று தெரியும். வசந்தத்தின் எழுத்தில் மூன்று குறுக்குக்கோடுகளைக் கடந்து இறங்கும் இடது வீச்சு நேராகக் கிஹென்னின் காலடிக்குத்தான் போகிறது. கிஹென்னின் புள்ளியைச் சற்று மேலே வைத்தால் வீச்சு அதன் கீழே நுழைந்துகொள்ளும். புள்ளி கீழே இறங்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும், அந்தத் தாள் அவ்வளவுதான்.

செங்குத்துக்கோட்டின் அடியில் கொக்கி வரலாமா கூடாதா என்று இன்னமும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானியக் கலாச்சார முகமையின் வழிகாட்டி 2016இலேயே இரண்டும் சரிதான் என்று சொல்லிவிட்டது. நான் கொக்கி போடுவதில்லை. கோட்டின் முடிவில் தூரிகையை ஒரு கணம் நிறுத்தி எடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, ஹிசாகி. மொத்தம் 13 கோடுகள். சுபாகிக்கும் அதே 13தான், ஆனால் இங்கே மரம், நெற்கதிர், நெருப்பு என்று மூன்று உறுப்புகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நெற்கதிர் என்பதே மரத்தின் உச்சியில் ஒரு சாய்கோடு போட்ட வடிவம். இரட்டைப் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. மூன்றுக்கும் சம இடம் கொடுத்தால் எழுத்து அகலமாகி வழிகிறது. இப்போதைக்கு எனக்குப் பிடிபட்ட வழி: மரத்தை முடிந்தவரை ஒடுக்கி, நெற்கதிரின் தலையை மரத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி, நெருப்பின் கடைசி வலது வீச்சைத் தாராளமாக விடுவது. அந்த ஒரு வீச்சு நன்றாக விழுந்தால் இடப்பக்க நெரிசல் கண்ணை உறுத்தாது. ஆனால் பத்துத் தாளில் ஒன்றில்தான் அப்படி விழுகிறது.

ஹிசாகி மனதில் ஒட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழங்கால ஹிசாகி எந்த மரம் என்பதிலேயே இரண்டு கட்சி. அகாமேகஷிவா என்கிறது ஒன்று, கிசாசகே என்கிறது மற்றொன்று. பிடித்துக்கொள்ள ஒரு இலையோ சடங்கோ இல்லாத எழுத்தை அட்டையில் எத்தனை முறை புரட்டினாலும் நழுவிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். மற்ற மூன்றும் அப்படியில்லை. ஹீராகியின் முள் இலைக் கொத்தில் மத்தித் தலையைக் குத்தி, செட்சுபுன் நாளில் (வசந்தம் தொடங்குவதற்கு முந்தைய நாள்) ஓனி எனும் பேய்கள் அண்டாதபடி வாசலில் வைக்கிறார்கள். வழக்கமாக பிப்ரவரி 3, 2025இல் 2ஆம் தேதியே வந்துவிட்டது. மரத்துக்கு வயதாக ஆக இலையின் முள் மறைந்துவிடுமாம், அதைப் படித்ததிலிருந்து அந்த மரத்தின் மேல் தனிப் பிரியம்.

எனோகி என்றால் நம் சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட்டில் வரும் மெல்லிய வெள்ளைக் காளான்தான் பலருக்கு நினைவு வரும். அந்தக் காளான் வளரும் மரங்களில் ஒன்று இது. 1604இல் தொக்குகவா ஆட்சி நெடுஞ்சாலைகளில் ஒரு ரிக்கு, அதாவது சுமார் 4 கிலோமீட்டருக்கு ஒன்றாக, தூர அடையாள மேடுகளை அமைக்கச் சொன்னது. அந்த மேடுகளில் பெரும்பாலும் எனோகியைத்தான் நட்டார்கள். கோடையில் நடந்து வருகிறவனுக்கு நிழல் தரும் மரத்தின் எழுத்தில் கோடையே உட்கார்ந்திருக்கிறது, எப்படி மறக்கும்? டோக்கியோவில் நிஷிகஹாராவிலும் ஷிமுராவிலும் அந்த மேடுகள் இன்னும் இருக்கின்றன. போனால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சுபாகி தேயிலையின் பேரினம்தான். பூ இதழ் இதழாக உதிராமல் முழுசாக விழுவதால் நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோக மாட்டார்கள். நாராவின் தோதாய்ஜி கோயிலில் 752 முதல் விடாமல் நடக்கும் ஷுனியே வழிபாட்டுக்குத் துறவிகளே காகிதத்தில் சுபாகிப் பூ செய்கிறார்கள். படங்களில் பார்த்த அந்தச் சிவப்பும் வெள்ளையும் கலந்த இதழ்தான் தூரிகை எடுக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வருகிறது.

நடுவில் ஒரு கிளைப்பாதையிலும் போய்வந்தேன். மரத்தோடு கடவுள் சேர்ந்தால் சகாகி, ஷின்தோ வீட்டு மாடங்களில் மாதத்தின் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் மாற்றி வைக்கும் கிளை. மரத்தோடு புத்தர் சேர்ந்தால் ஷிகிமி, பௌத்தக் கல்லறைகளில் வைப்பது. இரண்டு எழுத்துகளும் ஜப்பானிலேயே உருவானவை. ஷிகிமியின் காய் அச்சு அசல் நம் பிரியாணி அன்னாசிப்பூ போலவே இருக்கும், ஒரே பேரினம். ஆனால் கொடிய விஷம், ஜப்பானியச் சட்டத்தின் நச்சுப்பொருள் பட்டியலிலேயே அந்தக் காய் இருக்கிறது. ஷிகிமிக்கு மரத்தோடு 'அடர்த்தி' சேர்த்து எழுதும் வடிவமும் உண்டு, அதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. எனக்குப் புத்தர் வடிவம்தான் பிடித்திருக்கிறது.

பொருட்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் ஹன்ஷி என்று போட்டு விற்ற ஒரு கட்டுத் தாளை வாங்கினேன், மை தொட்டதும் நாலாபக்கமும் ஊறுகிறது. கிஹென்னின் புள்ளி வைத்தால் மிளகு அளவுக்கு உப்புகிறது. கோபம் இன்னும் தீரவில்லை. அதைவிடப் பழைய நாளிதழ் எவ்வளவோ மேல், பயிற்சியெல்லாம் அதில்தான். மை விஷயத்தில் குறையே இல்லை. நாராவில் 1902இல் தொடங்கிய குரெத்தாகேயின் பாட்டில் மையைத்தான் பயன்படுத்துகிறேன். கருப்பு ஆழமாக விழுகிறது, தூரிகையும் எளிதாக அலசப்படுகிறது. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே மூங்கிலின் கான்ஜி இருக்கிறது. அதையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

ஹிசாகி முடியாமலே மனம் அடுத்ததுக்கு ஓடுகிறது: இலையுதிர்காலத்தின் ஏழு செடிகள். அதில் ஹகி, புல் கிரீடத்தின் கீழே அதே இலையுதிர்கால எழுத்து. ஜப்பானின் பழங்காலக் கவிதைத் தொகுப்பான மன்யோஷுவில் மற்ற எந்தச் செடியையும்விட ஹகிக்குத்தான் பாடல் அதிகம், 140 வாக்கில். சகுராவுக்கு அங்கே 40 சொச்சம்தான். ஹகியில் நெற்கதிரும் நெருப்பும் அகலமாக உட்கார இடம் இருப்பதால், முதலில் அங்கே கையைப் பழக்கிவிட்டு ஹிசாகிக்குத் திரும்பலாம் என்று ஒரு கணக்கு. அப்புறம் ஃபுஜி (விஸ்டீரியா கொடி) இருக்கிறது, 18 கோடு, 2010இல்தான் ஜோயோ எனும் அன்றாடப் பயன்பாட்டு கான்ஜிப் பட்டியலில் ஏறியது. அதற்கு என் ஆட்டுமுடித் தூரிகை ரொம்ப மெத்தென்று இருக்கிறது. மென்முடியும் வன்முடியும் கலந்த நடுத்தர அளவுத் தூரிகை இந்தியாவிலேயே நல்லதாகக் கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.