பெமிக்கன் துண்டு இல்ல

ரெண்டு நாளா கனடாவோட பூர்வகுடிகளான க்ரீ மக்களோட மொழி பத்திதான் படிச்சிட்டு இருக்கேன். அவங்க இலக்கணத்துல உயிருள்ளது உயிரில்லாததுன்னு பெயர்ச்சொல்ல ரெண்டா பிரிக்கிறாங்க. நம்ம உயர்திணை அஃறிணை மாதிரின்னு நெனச்சா இல்ல, அங்க கல்லு உயிருள்ள பக்கம், மரமும் அப்படித்தான், ஆனா அதே சொல்லு வெட்டுன குச்சிய குறிச்சா உயிரில்லாத பக்கம் போயிடுது! இத படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

அவங்க 'வாகோதோவின்'னு சொல்றது உறவுமுறை. மனுசனோட மட்டும் இல்ல, மண்ணு, தண்ணி, மிருகம் எல்லாத்தோடயும். அப்போ நிலத்த விக்கிறதுங்கற பேச்சுக்கு அதுல எங்க இடம்?

1876ல கார்ல்டன் கோட்டையில கனடா அரசு க்ரீ மக்களோட நிலம் பத்தி 6ஆவது ஒப்பந்தத்த பேசுனப்போ, பவுண்ட்மேக்கர்ங்கற இளம் க்ரீ தலைவர் எழுந்து, இது எங்க நிலம், வெட்டி துண்டு துண்டா எங்களுக்கே திருப்பிக் குடுக்க பெமிக்கன் இல்லன்னு சொல்லிருக்கார். பெமிக்கன்னா காட்டெருமை கறிய காயவச்சு இடிச்சு கொழுப்பு ஊத்தி இறுக்கி வைக்கிறது, அவங்களோட குளிர்காலச் சோறு. காட்டெருமை அழிஞ்சுக்கிட்டு இருந்த நேரம் அது, பசி வேற வழி விடல, கடைசில அவரும் கையெழுத்து போட்டார்.

ஒப்பந்தத்தாள்ல நிலத்த விட்டுக்குடுத்ததா இருக்கு. ஆனா ஏர்முனை போற ஆழத்துக்கு மட்டும் பகிர்ந்துக்கத்தான் சம்மதிச்சோம்னு பெரியவங்க தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வராங்க. நான் அந்தப் பெரியவங்க பக்கம்தான்.

1885ல பவுண்ட்மேக்கர தேசத்துரோகின்னு சிறையில போட்டாங்க, அடுத்த வருசமே செத்துப்போனார். குற்றமில்லாதவர்னு கனடா அரசு சொன்னது 2019ல.